88 சதவீதக் கட்டுக்கதை

மரம் அறுக்கும் மில்களில் விரல் போவதற்கும் கை போவதற்கும் யார் காரணம் என்று கேட்டால், மில் நடத்துகிறவர்கள் தரப்பில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. மெஷின் தன் வேலையைச் செய்யும், ஆள்தான் பார்த்துச் செய்ய வேண்டும். இன்றைக்கு வருகிறவனுக்கு வேலையில் கவனம் கிடையாது. கண் செல்போனில், உடம்பில் ராத்திரிப் போதை. பாதுகாப்புக்குத் தகடு மாட்டிக் கொடுத்தால் அவனே கழற்றி மூலையில் போடுகிறான். எட்டுப் பேர், பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன மில்லில் ஜெர்மன்காரன் ஃபேக்டரி மாதிரி ஏற்பாடு கேட்டால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். அப்படியும் அசம்பாவிதம் நடந்தால் நாங்கள் கைவிடுவதில்லை, ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் எங்களுடையது.

வியாபாரிகள் கூடும் இடங்களில் இதை ஆதங்கமாகச் சொல்வார்கள். பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் இதையே ஒரு சதவீதக் கணக்கு போட்டுத் திரையில் காட்டுவார்கள். கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். இதில் ஒரு வரிகூடத் தேறாது. சில வரிகள் நூறு வருடத்துக்கு முன்பே சட்டத்தில் தோற்றுப்போனவை. அவற்றைத் தூசி தட்டி இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் கவனம். 12 அங்குல வட்ட ரம்பம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல் நுனியின் வேகம் விநாடிக்குச் சுமார் 48 மீட்டர்; மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல். ஒரு ஆபத்தைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை விலகுவதற்கு திடகாத்திரமான இளைஞனுக்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி பிடிக்கும். அதற்குள் பிளேடு பத்துச் சுற்று சுற்றிவிடும். 40 பல் பிளேடு என்றால் 400 பற்கள் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கும். இந்த 400 பற்களோடு போட்டி போட்டு ஜெயிக்கும் கவனம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று மில்காரர்கள் சொன்னால் நாமும் வாங்கிக்கொள்ளலாம்.

விரல் போகும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். கத்தி வெட்டினால் இரண்டு முனைகள் மிஞ்சும், அவற்றைப் பொருத்தித் தைத்துப் பார்க்கலாம். ரம்பம் அப்படி வெட்டாது. அறுவாயின் அகலம் மூன்று மில்லிமீட்டர் என்றால், அந்த மூன்று மில்லிமீட்டர் எலும்பும் நரம்பும் ரத்தக்குழாயும் மரத்தூளோடு தூளாகப் போய்விடும். மிஞ்சிய ஓரங்களும் கிழிந்து நைந்திருக்கும். துண்டான விரலைப் பையில் போட்டு, ஐஸில் வைத்து, ஆட்டோவில் பறந்து வந்தாலும் ஒட்டவைப்பது சிரமமாவதற்கு இதுதான் காரணம்.

சரி, கண் கொட்டாமல் கவனமாகவே ஒருவன் அறுக்கிறான். அப்போதும் மரம் சும்மா இருக்காது. உயிரோடு நின்ற காலத்தில் காற்றையும் சரிவையும் தாங்கி நிற்க மரம் தன் உடம்புக்குள் ஒரு இறுக்கத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அறுக்கும்போது அது விடுபடும். சில கட்டைகளில் அறுத்த வாய் விரியும், சிலவற்றில் மூடிக்கொள்ளும். மூடினால் பிளேடின் பின்பாகத்தைக் கவ்வும். பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகிறவை. கவ்விய கட்டையை அவை தூக்கி, அறுக்கிறவன் வயிற்றைப் பார்த்து எறியும். கட்டையை அழுத்திக்கொண்டிருந்த கை, கட்டை போன இடத்தில் பிளேடின் மேல் விழும். கிக்பேக் என்று சொல்லும் இந்த அடி, வெளியிலிருந்து பார்த்து எந்தக் கட்டைக்குள் ஒளிந்திருக்கிறது என்று முப்பது வருடம் அறுத்த ஆசாரியாலும் அடித்துச் சொல்ல முடியாது.

இதற்கு மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. பிளேடுக்குப் பின்னால், அதே கோட்டில், அறுத்த வாய் மூடாதபடி நிற்கும் ஒரு வளைந்த எஃகுத் தகடு. ரைவிங் நைஃப் என்பார்கள். பிரிட்டனில் 1922இல் வந்த மரவேலை இயந்திர விதிகள் இதைக் கட்டாயமாக்கின. தகட்டுக்கும் பற்களுக்கும் நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று அளவும் சொல்லின. நம் மாநிலங்களின் தொழிற்சாலை விதிகளிலும் அந்தத் தகடு இடம்பெற்றது. ஒரு தகடு; நூறு வருடப் பழைய சங்கதி. நம் ஊர் மரவாடிகளுக்குப் போய் எத்தனை மேசைகளில் அது இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு தொழிலாளியின் கவனத்தைப் பற்றிப் பேசலாம்.

இந்த இடத்தில்தான் திரையில் அந்தச் சதவீதம் வரும்: விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால், 10 சதவீதம் இயந்திரக் கோளாறால், 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை. அறிவியல் மாதிரி ஒலிக்கும் இந்தக் கணக்கின் பிறப்பிடம் அமெரிக்கா. டிராவலர்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த எச். டபிள்யூ. ஹைன்ரிச் 1931இல் வெளியிட்ட புத்தகம். அவர் எடுத்துக்கொண்டது 75,000 விபத்துகள். அதில் 12,000 காப்பீட்டுக் கோப்புகளிலிருந்து. மீதி 63,000 ஆலை உரிமையாளர்களின் பதிவேடுகளிலிருந்து. அந்தப் பதிவேடுகளில் காரணம் என்ற கட்டத்தை நிரப்பியவர்கள் நிர்வாகத்தின் ஆட்கள். விரல் போனவன் அந்த நேரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். திருட்டு வழக்கில் சந்தேகத்துக்குரியவரையே கூப்பிட்டு, திருடியது யார் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கித் தீர்ப்பு சொல்வது மாதிரியான ஆராய்ச்சி இது. 88 சதவீதம்தானா என்றுதான் எனக்கு ஆச்சரியம். மீதி 12 சதவீதத்தை எப்படி விட்டுவைத்தார்கள்?

போதாததற்கு, ஒரு விபத்துக்கு ஒரே காரணம்தான் என்று அவர் பிரித்தார். காப்பு இல்லாத பிளேடில் கை வழுக்கினால் அது காப்பு இல்லாததாலா, வழுக்கியதாலா? இரண்டாலும்தான் என்று சொல்ல அந்தப் பட்டியலில் கட்டம் கிடையாது. மூல ஆவணங்கள் இன்று யாரும் சரிபார்க்கக் கிடைப்பதில்லை. பாதுகாப்புப் பொறியியலில் பெயர்பெற்ற ஃபிரெட் மானுவேலி இதையெல்லாம் விரிவாக எழுதி, இந்த எண்ணைத் துறையிலிருந்தே அகற்ற வேண்டும் என்றார். இன்னொன்று. ஹைன்ரிச்சே தன் புத்தகத்தில் இயந்திரங்களுக்குக் காப்பு போடுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை விட்டுவிட்டு, தங்களுக்கு ஆகிற ஒரு எண்ணை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இந்த வாதத்துக்குப் பதில் ஹைன்ரிச்சுக்கு இருபது வருடம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் நமக்குத் தெரிந்தவர்தான், இந்த வேலைக்காக அல்ல. பிரான்ஸ் காஃப்கா. மனிதன் பூச்சியாக மாறிய கதையைத் தமிழில் படித்து வியக்கிற நாம், அவர் பகலில் என்ன செய்தார் என்று அதிகம் கேட்பதில்லை. 1908 முதல் பிராகில், பொஹீமியா அரசின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அவருக்கு வேலை. 1910இல் வெளிவந்த நிறுவன அறிக்கையில் மர இழைப்பு இயந்திர விபத்துகளைப் பற்றி ஒரு பகுதி எழுதினார்; கூடவே படங்களும் உண்டு. விரல்கள் முழுதாகவும் பாதியாகவும் போன கைகளின் படங்கள்.

அவர் காலத்து இழைப்பு இயந்திரங்களில் சுழலும் தண்டு சதுரமாக இருந்தது. கத்திகளை அதன் முகங்களில் முடுக்கியிருப்பார்கள். சதுரம் சுழல வேண்டுமானால் தண்டுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே அகலமான சந்து வேண்டும். இழைக்கும்போது மரம் கொஞ்சம் துள்ளினாலோ கணு இடித்தாலோ கை அந்தச் சந்துக்குள் இறங்கும். இறங்கினால் விரல்கள் மொத்தமாகப் போகும். எவ்வளவு ஜாக்கிரதையான ஆளுக்கும் இது நடக்கும் என்று காஃப்கா விளக்கினார். பரிகாரமாக அவர் சொன்னது உருளைத் தண்டு. உருண்டையான தண்டுக்கு அகலச் சந்து தேவையில்லை. கை தவறினாலும் காயம் சின்னதாக நிற்கும். கூடவே, முதலாளிகளுக்குப் புரியும் மொழியில், அதில் உள்ள சிக்கனத்தையும் எடுத்துச் சொன்னார்.

கையால் தள்ளி இழைக்கும் இயந்திரத்தில் உருளைத் தண்டு இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்று 1922 பிரிட்டிஷ் விதிகளும் சொல்லிவிட்டன. தண்டு மாறியது, காயம் மாறியது. உள்ளங்கையோடு போனது விரல் நுனியோடு நின்றது. இடையில் தச்சர்கள் யாரும் திடீரென்று யோகம் பயின்று கவனத்தைக் கூட்டிக்கொள்ளவில்லை. கை அதே கைதான், தூக்கக் கலக்கமும் குடும்பக் கவலையும் அதேதான். கவனக்குறைவே காரணம் என்பவர்கள் இந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் விளக்கம் சொல்லட்டும், நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்தது, பிளேடுக்கு மேல் மாட்டும் காப்புத் தகட்டை அவனே கழற்றிவிடுகிறான் என்ற புகார். கழற்றுகிறான், உண்மைதான். ஏன் கழற்றுகிறான் என்று ஒரு தடவையாவது கேட்டதுண்டா? கன அடிக் கணக்கில் கூலி பேசியிருக்கிறீர்கள். மாட்டிக் கொடுத்த தகடு அறுக்கிற கோட்டை மறைக்கிறது, தடிமனான கட்டைக்கு வழிவிட மறுக்கிறது, ஒவ்வொரு அளவுக்கும் நிறுத்திச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் கூலி குறைகிறது. சாயங்காலம் லாரி வந்து நிற்கும்போது லோடு தயாராக இல்லையென்றால் வசவு விழுகிறது. கழற்றினால் வேகம் கூடுகிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை. மாதக்கணக்கில் அந்தத் தகடு மூலையில் கிடப்பது முதலாளி கண்ணில் படாமலா இருந்தது? கூடுதலாக அறுத்த பலகையை விற்ற காசு மட்டும் கண்ணில் பட்டதே.

சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான காப்பு போட வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. இயந்திரம் ஓடுகிற நேரம் முழுக்க அந்தக் காப்பு அதன் இடத்தில் இருக்கும்படி தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்றும் சொன்னது. வாங்கிக் கொடுத்தேன், என் கடமை முடிந்தது என்று கை கழுவ அதில் இடமில்லை. இந்தப் பிரிவுக்கு முன்னோடியான ஆங்கிலச் சட்டத்தின் கீழ் 1955இல் ஜான் சம்மர்ஸ் எதிர் ஃப்ராஸ்ட் வழக்கு பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. சாணைச் சக்கரத்தில் கட்டைவிரல் காயப்பட்ட தொழிலாளியின் வழக்கு அது. முழுக்க மூடினால் சக்கரத்தைப் பயன்படுத்தவே முடியாது என்று கம்பெனி வாதாடியது. அது சட்டத்துக்குப் பதில் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. கவனமாக இருப்பவனுக்கு மட்டுமல்ல, அசட்டையாக இருப்பவனுக்கும் சேர்த்துத்தான் வேலி என்பதை அந்த நாட்டு நீதிமன்றங்கள் அதற்கும் முன்பிருந்தே சொல்லி வந்திருக்கின்றன. கை தவறவே தவறாது என்றால் காப்பு எதற்கு?

போதை விஷயத்தில் ஒரே கேள்வி. தள்ளாடிக்கொண்டு வந்தவனை அன்றைக்கு மெஷினில் நிறுத்தியது யார்?

செலவைப் பற்றிய அழுகைக்கு வருவோம். ரைவிங் நைஃப் ஒரு எஃகுத் தகடு. மரத்தின் கடைசி ஒரு சாணைக் கையால் தள்ளாமல் தள்ளுவதற்கு ஒரு கட்டை வேண்டும். அதை மில்லில் விறகுக்கு ஒதுக்கிய துண்டிலேயே பத்து நிமிடத்தில் செதுக்கிக்கொள்ளலாம். மேசைக்கு அடியில் ஓடும் பிளேடையும் பெல்ட்டையும் மூடத் தகரமும் நாலு போல்ட்டும் போதும். ஸ்விட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இது ஜெர்மன் ஃபேக்டரியா? இதையெல்லாம் விட்டுவிட்டு, கையுறை வாங்கிக் கொடுத்தோமே என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சுழலும் பிளேடில் கையுறையின் ஒரு இழை மாட்டினால் போதும், விரலோடு போக வேண்டிய இடத்தில் அது கையையே உள்ளே இழுத்துவிடும். பாதுகாப்பு என்று இவர்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருளும் இந்த மெஷினுக்கு ஆகாத பொருள்.

பணக்கார நாட்டிலும் இதே பாட்டுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயற்பியல் படித்த வழக்கறிஞர் ஸ்டீவ் காஸ் அமெரிக்காவில் ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். சதை பட்டதை மின்சாரத்தால் உணர்ந்து, 5 மில்லி விநாடிக்குள் அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் செலுத்தி பிளேடை நிறுத்திவிடும். 2000ஆம் ஆண்டில் அட்லாண்டா கண்காட்சியில் சாசேஜை பிளேடில் வைத்துக் காட்டினார். லேசான கீறலோடு அது தப்பியது. பெரிய கம்பெனிகள் வாங்க மறுத்தன. விலை கூடும் என்றார்கள், காப்புரிமையை வைத்து ஒரே ஆள் சந்தையைப் பிடித்துவிடுவார் என்றார்கள், காப்பைச் சரியாக மாட்டிப் பயன்படுத்தாதவர்களுக்குத்தான் காயம் என்றார்கள். காப்புரிமை பற்றிய கவலையிலாவது கொஞ்சம் நியாயம் உண்டு. அந்த நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மேசை ரம்பங்களால் நாளொன்றுக்குச் சுமார் பத்துப் பேர் விரலோ கையோ இழப்பதாகக் கணக்குச் சொன்ன பிறகும் இழுபறி வருடக்கணக்கில் நீண்டது. நான் அந்த விலை உயர்ந்த ரம்பத்தை நம் மரவாடிக்குக் கேட்கவில்லை. தகடும் தள்ளுகட்டையும் கேட்கிறேன். அதற்கும் அதே அழுகை என்றால், சிக்கல் விலையில் இல்லை.

கடைசியாக, ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறோம் என்ற தர்மவான் பேச்சு. தொழிலாளியின் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுப்பது ஒரு காலத்தில் இங்கிலாந்தில் செல்லுபடியானது. உன் அசட்டையும் காரணம், கூட வேலை பார்த்தவன் செய்த பிழைக்கு நான் பொறுப்பில்லை, ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்ற மூன்று கேடயங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாளிகள் வைத்திருந்தார்கள். இந்தியாவில் 1923இல் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த இழப்பீட்டுச் சட்டமே அந்தக் கேடயங்களைப் பிடுங்கிவிட்டது. முதலாளி தப்பிக்க அது விட்டுவைத்த வழிகள் மூன்றுதான்: குடிபோதை, பாதுகாப்புக்கென்று வெளிப்படையாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, கொடுக்கப்பட்ட காப்பை அது காப்பு என்று தெரிந்தே அகற்றுவது. பிற்காலத் திருத்தங்களின்படி, சாவோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் அந்த மூன்றும்கூட உதவாது. சாதாரணக் கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதைச் சேர்க்கவில்லை. நூறு வருடம் முன்பு காலனி அரசே வெட்கப்பட்டுக் கைவிட்ட ஒரு வாதத்தைத்தான் நம் ஆட்கள் இன்றும் மார்தட்டிச் சொல்கிறார்கள்.

1923 சட்டத்தின் முதல் அட்டவணை விரல்களுக்கு விலை போட்டிருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. 2020 ஜனவரி அறிவிப்பின்படி கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்தச் சம்பளம் வாங்கும் 30 வயதுக்காரருக்கு ஆள்காட்டி விரல் போனால், சம்பளத்தில் 60 சதவீதமான 9,000 ரூபாயை அந்த வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்கி, அதில் 14 சதவீதம்: சுமார் 2,62,000 ரூபாய். இது கருணைத் தொகை அல்ல, கடன். மருத்துவச் செலவு இதில் அடங்காது. 2009 திருத்தம் அதைத் தனியாக முதலாளி தலையில் வைத்தது. ஆக, ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு ஒடிசாவுக்கோ பிகாருக்கோ ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் செய்தது தர்மம் இல்லை, அந்த இரண்டரை லட்சத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டதுதான். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று தமிழ் தெரியாத பையனிடம் கைநாட்டு வாங்கி வைத்திருக்கும் பேப்பரை அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு செல்லாக்காசு ஆக்கியது. பெருவிரல் மிஞ்சியிருந்ததால்தான் கைநாட்டு வைக்க முடிந்தது என்பது வேறு விஷயம்.

சட்டத்தைப் புகழ்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காப்பு விதியை மீறிக் கடுமையான காயம் ஏற்பட்டால் 1948 சட்டம் வைத்த குறைந்தபட்ச அபராதம் 5,000 ரூபாய். நல்ல பிளேடு ஒன்றிரண்டின் விலை. விரலில் ஒரே ஒரு எலும்பு முறிந்தால் அதைக் கடுமையான காயக் கணக்கில் சேர்க்கவும் அது மறுத்தது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்று அது கோடு கிழித்ததால், ஒன்பது பேர் கணக்குக் காட்டுவது ஒரு கலையாகவே வளர்ந்தது. அதற்குப் பதிலாக 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு அந்த 10ஐ 20 ஆக்கியது. இனிப் பத்தொன்பது பேரைக் காட்டலாம். இன்ஸ்பெக்டர் தொல்லை தாங்கவில்லை என்று புலம்பியவர்களுக்கு இதைவிட என்ன பரிசு வேண்டும்? ஆனாலும் விசைகொண்டு இயங்கும் உற்பத்தி இடத்தில் காயப்பட்டவருக்கு 1923 சட்டம் ஆள் எண்ணிக்கை பார்த்து இழப்பீடு தரச் சொல்லவில்லை. எட்டுப் பேர் மில்லில் போனாலும் அதே விரல், அதே 14 சதவீதம்.

விரல் போனவன் தவறியது ஐந்தில் ஒரு விநாடி. அந்த மேசையை வாங்கி, ரைவிங் நைஃப் இல்லாமல் பொருத்தி, கன அடிக்குக் கூலி பேசி, மூலையில் கிடந்த காப்பைத் தாண்டித் தினமும் நடந்து போனவருக்கு யோசிக்க வருடக்கணக்கில் நேரம் இருந்தது. அவருடைய கவனக்குறைவை எழுத எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் இல்லை. அடுத்த விபத்துக்கு அறிக்கை எழுதப்போகிற மேனேஜரும், வழக்குப் பதியப்போகிற ஏட்டும், நாலு வரி செய்தி போடப்போகிற நிருபரும் காரணம் எழுதுவதற்கு முன் பிளேடுக்குப் பின்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். அங்கே தகடு இருக்கிறதா, இருந்தால் பல்லுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று டேப் வைத்து அளந்து முதல் வரியில் எழுதுங்கள். தொழிலாளியின் கவனத்தைப் பற்றி இரண்டாவது வரியில் எழுதிக்கொள்ளலாம்.